வீட்டுக்காரி உள்ளே வேலையாக இருக்கிறாள்

எங்கள் தெருவில் என் மாமியாருக்கு 'தூங்குமூஞ்சி அக்கா' என்று பெயர். வைத்தது யாரென்று தெரியாது; ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மதியச் சாப்பாடு முடிந்து, பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்ததும் அத்தை வாசல் கதவைச் சாத்திவிடுவார். கூரியர்காரர் மணியடித்தாலும் அந்தக் கதவு திறக்காது. எதிர்வீட்டுத் தையல்கார அம்மா அவசரமாகச் சர்க்கரை கேட்டு வந்தாலும் திறக்காது. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளின் சத்தம் தெருமுனையில் கேட்கும்போதுதான் பூட்டு திறக்கும். "நல்ல தூக்கமா அக்கா?" என்று யாராவது கேட்டால் கண்ணைக் கசக்கிக்கொண்டு சிரிப்பார்.

அத்தை தன் வாழ்நாளில் ஒரு பகல்கூடத் தூங்கியவரில்லை. இதை நான் கண்டுபிடித்ததற்கு எனக்கு வந்த காய்ச்சலுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த புதிது. சலவை இயந்திரம் செய்யும் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. இயந்திரம் ஓடவில்லை, தண்ணீர் இறங்கவில்லை, சட்டை சாயம் போய்விட்டது என்று போனில் வருகிற வசவுகளையெல்லாம் வாங்கிக்கொண்டு, "புரியுதுங்க, புரியுதுங்க" என்று சொல்லிக்கொண்டே இருப்பதுதான் அந்த வேலை. அன்றைக்கு உடம்பு கொதித்ததைப் பார்த்து மேலாளரே வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அத்தையின் தூக்கத்தைக் கெடுக்க வேண்டாமென்று என்னிடமிருந்த சாவியால் பூனைபோலக் கதவைத் திறந்தேன். வாசலில் அத்தையின் செருப்பு கிடந்தது. அது எப்போதும் பின்கட்டில் கிடக்கும் செருப்பு. வந்தவர்கள் விடுகிற இடத்தில், வந்தவர்கள் விடுகிற மாதிரி ஜோடியாக இருந்தது.

கூடத்தில், ஜன்னலோரம், விருந்தாளிகளுக்கென்று ஒரு நாற்காலி உண்டு. மெத்தை வைத்தது. வீட்டு ஆட்கள் யாரும் அதில் உட்காருவதில்லை. அத்தை அதில் உட்கார்ந்திருந்தார். வெளியே போகும்போது போடுகிற நல்ல துணி, வாரி முடித்த தலை, மடியில் கைப்பை. பக்கத்து மேஜையில், கண்ணாடி அலமாரியை விட்டு வெளியே வராத பூப்போட்ட கோப்பையில் தேநீர். ஜன்னல் வழியே விழுந்த வெயில் அவர் பாதத்தருகே தரையில் படுத்திருந்தது. கையும் களவுமாகப் பிடிபட்டவர் திடுக்கிட வேண்டாமா? அவர் என்னைப் பார்த்து, இன்னொரு விருந்தாளியைப் பார்ப்பதுபோல மரியாதையாகப் புன்னகைத்தார்.

"எங்கயாவது கிளம்பிட்டீங்களா அத்தை?"

"இல்லம்மா. வந்திருக்கேன்."

"எங்க?"

"இங்கதான்."

காய்ச்சல் எனக்கா அவருக்கா என்று சந்தேகம் வந்துவிட்டது. அதற்குள் அவர் எழுந்து, கைப்பையை மாட்டி, கோப்பையைக் கழுவி அலமாரியில் வைத்து, உடை மாற்றிக்கொண்டு மறுபடியும் என் மாமியாராக வந்து நின்றார். நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டே, எனக்கு ஒரு கதையும் சொன்னார்.

அத்தை கல்யாணமாகிப் போன வீடு பெரிய குடும்பம். மாமனார், மாமியார், கொழுந்தன்கள், ஓரகத்திகள், அவர்கள் பிள்ளைகள், வந்தால் போகாத ஓர் ஒன்றுவிட்ட பெரியப்பா. ஆள் இல்லாத அறை என்று அங்கே ஒன்று கிடையாது. குளிக்கப் போனால்கூடக் கதவைத் தட்டி, உப்பு ஜாடி எங்கே என்று யாராவது கேட்பார்கள். அத்தையின் மாமியார் அந்த வீட்டுக்குள் வந்த நாளிலிருந்து கண்ணை மூடிய நாள்வரை, அது காலியாக இருந்து பார்த்ததே இல்லையாம். அவருக்கு அது ஒரு குறையாகவும் பட்டதில்லை. வீடு என்றால் சத்தம் என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

பிறகு மாமாவுக்கு இந்த ஊரில், ரயில் பெட்டி பழுது பார்க்கும் பணிமனையில் வேலை கிடைத்தது. தனிக்குடித்தனம். பையனைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்து கதவைத் திறந்த முதல் நாள், வீட்டுக்குள் யாருமே இல்லாததைப் பார்த்து அத்தைக்குப் பயம் வந்துவிட்டது. துணைக்கு இருக்கட்டும் என்று குழாயைச் சொட்டவிட்டிருக்கிறார்.

"அப்புறம் ஒரு நாள் வெயிலைப் பாத்தேம்மா. காலைல அடுப்படியில இருக்கும், அப்ப எனக்கு நேரமிருக்காது. மத்தியானம் மெதுவா கூடத்துக்கு வரும். ஒரு வேலையும் இல்லாம நடந்து வரும். அது பின்னாடியே நானும் வந்தேன். வந்து அந்த நாற்காலில உக்காந்தேன். உக்காந்தா, யாரோ வீட்டுக்கு வந்த மாதிரி இருந்துச்சு."

மறுநாள் அதை முறைப்படி செய்துவிட்டார். நல்ல துணி உடுத்தி, வெளியே போய், செருப்பை விட்டு, உள்ளே வந்தார்.

"வந்து?"

"சுத்திப் பாப்பேன். ஜன்னல் கம்பியில தூசு இல்ல. தலையணை உறை சுருக்கமில்லாம இருக்கு. இந்த வீட்டுக்காரி வீட்டை நல்லாத்தான் வெச்சிருக்கான்னு நினைச்சுக்குவேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, வீட்டுக்காரிக்காகக் காத்திருப்பேன். அவ உள்ள வேலையா இருக்கா. சாயங்காலம் டீ போட வந்துருவா."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நின்றுவிட்டது. அத்தையின் சமையலுக்கு உப்பு குறைவு என்று சொன்ன வாய்கள் அந்த வீட்டில் உண்டு. வீட்டை நன்றாக வைத்திருக்கிறாய் என்று சொன்ன வாய் உண்டா? அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல வெளியிலிருந்து ஒரு ஆள் வர வேண்டியிருந்தது. வேறு யாரும் வராததால் அவரே வந்தார்.

"அது சரி, ஏன் தூங்கறதா எல்லார்கிட்டயும் சொல்றீங்க?"

"நான் எங்க சொன்னேன்? அவங்களா சொல்றாங்க. தூங்கினா, பாவம் களைச்சுப் போயிட்டான்னு விட்டுருவாங்கம்மா. கண்ணைத் திறந்துக்கிட்டுச் சும்மா உக்காந்திருந்தா விடுவாங்களா?"

அன்றிலிருந்து எனக்கு ஓர் எண்ணம். யார் ஒத்துக்கொண்டாலும் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் சொல்லத்தான் போகிறேன். காலியான பகல் வீடு என்பது குடும்பப் பெண்களில் ஒரே ஒரு தலைமுறைக்குக் கிடைத்த சொத்து. அதற்கு முந்தியவர்களுக்கு வீடு நிறைய மனிதர்கள். அதற்குப் பிந்திய எங்களுக்கு வீடே பகலில் கிடையாது. இருட்டில் போய் இருட்டில் வருகிற நான், அந்தக் காய்ச்சல் வந்திராவிட்டால், என் வீட்டுக் கூடத்தில் மதியம் எந்த மூலையில் வெயில் விழும் என்று கேட்டால் திருதிருவென்று முழித்திருப்பேன். நடுவில் வந்த அத்தைகளுக்குத்தான் அது வாய்த்தது. அதையும் அவர்கள் தூங்குவதாகச் சொல்லி ஒளித்து வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

மாமா ஓய்வு பெற்றார். மாலை போட்டு, கைக்கடிகாரம் கொடுத்து, பணிமனையிலிருந்து வண்டியிலேயே கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இருக்காது என்பார்கள். ஊழியர்களை மேய்த்துப் பழகிய மனிதர், வீட்டில் மேய்க்க எது இருக்கிறது என்று பார்த்தார். ஓடாத சுவர்க்கடிகாரத்தை ஓட வைத்தார். ஓடிக்கொண்டிருந்த மிக்ஸியை நிறுத்தினார். எல்லாம் முடிந்தபின் மதியத்தில் கூடத்துக்கு வந்து, ஜன்னலோர நாற்காலியில் காலை நீட்டிச் சாய்ந்து, வானொலியைத் திருகினார். வெயில் வழக்கம்போல வந்து அவருடைய காலடியில் படுத்துக்கொண்டது.

அதோடு நிற்கவில்லை. என் கணவர் நகரப் பேருந்து ஓட்டுநர். முறை மாறும்போதெல்லாம் மதியத்தில் வீட்டில் இருப்பார். எங்கள் கம்பெனியும் பாதி நாட்கள் வீட்டிலிருந்தே வசவு வாங்கலாம் என்று அனுமதி கொடுத்தது. சாப்பாட்டு மேஜை என் அலுவலகமாயிற்று. நாங்கள் எல்லோரும் வந்துவிட்டோம். அந்த வீட்டுக்கு வந்துகொண்டிருந்த ஒருத்தி மட்டும் வர முடியாமல் போய்விட்டது.

அத்தை மாறிப்போனார். உப்பை இரண்டு முறை போட்டார், அல்லது போடவே இல்லை. பால் பொங்கி அடுப்பில் வழிந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றார். மாமா ஒன்று கேட்டால் அவர் வேறொன்றுக்குப் பதில் சொன்னார். மதியம் வந்தால் கூடத்துக்கும் அடுப்படிக்கும் குறுக்கும் நெடுக்குமாக நடப்பார், உட்காரமாட்டார். ஒரு நாள் பூப்போட்ட கோப்பைகளையெல்லாம் எடுத்துத் துடைத்துவிட்டு, அலமாரியைத் திறந்த வாக்கில் விட்டுவிட்டுப் பின்கட்டில் போய் நின்றுகொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது.

டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். ரத்தம், சர்க்கரை, அழுத்தம், எல்லாம் சரியாக இருந்தது. "வயசாகுது, தனிமையா உணர்றாங்க. பேச்சுத்துணை வேணும்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவ்வளவுதான். மாமா அதைப் பணிமனை உத்தரவுபோல எடுத்துக்கொண்டார். அத்தை ஒரு நிமிஷம்கூடத் தனியாக இருக்கக் கூடாது. காலையில் மகன், மதியம் மாமா, இடையில் நான், மாமா கண் அசந்தால் தையல்கார அம்மா. முறை போட்டுத் துணையிருந்தோம். மாமா மதியம் முழுக்க ரயில் பெட்டிக் கதைகள் சொன்னார். மனைவிமேல் அவருக்கு இருந்த அன்பு பொய்யில்லை. அதனால்தான் அது அவ்வளவு கொடுமையாக இருந்தது.

நான் சும்மா இருக்கவில்லை. "மாமா, அத்தையைக் கொஞ்ச நேரம் தனியா விடுங்க" என்று கரடியாய்க் கத்திப் பார்த்தேன். ஆனால் ஒரு மருமகள் வாயிலிருந்து 'மாமியாரைத் தனியா விடுங்க' என்று வந்தால் அதற்கு உலகத்தில் ஒரே அர்த்தம்தான். என் கணவர் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. தையல்கார அம்மா, "இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்கு..." என்று ஆரம்பித்து, ஊசியில் நூல் கோக்கும் சாக்கில் நிறுத்திக்கொண்டார். காரணத்தைச் சொல்லலாமென்றால், அது அத்தையின் ரகசியம்; நான் எப்படிச் சொல்வது?

ஒரு நாள் மதியம் அத்தையைக் காணோம். மாமா கதை சொல்லிக்கொண்டே தூங்கியிருக்கிறார். விழித்தபோது எதிரில் ஆளில்லை. நல்ல துணி இல்லை, கைப்பை இல்லை, செருப்பு இல்லை. தெருவே தேடியது. சாயங்காலம் அத்தை சாவகாசமாக நடந்து வந்தார். "எங்க போனே?" என்றதற்கு, "சும்மாத்தான்" என்றார். மறுநாளும் போனார். அதற்கு மறுநாள், அவர் செருப்பை மாட்டியதும் மாமா என்னைப் பார்த்தார். நான் போனில் வந்துகொண்டிருந்த ஒரு சலவை இயந்திரத்தை அந்தரத்தில் விட்டுவிட்டு எழுந்தேன். இருவரும் தள்ளியே பின்தொடர்ந்தோம்.

கடைத்தெருவில் பெரிய மரச்சாமான் கடை ஒன்று திறந்திருந்தார்கள். அத்தை அதற்குள் நுழைந்து, மாடிப்படி ஏறினார். மேல் தளத்தில் வாங்குகிறவர்களுக்குக் காட்டுவதற்காக வீடுகளைப் போலவே அறைகள் அமைத்திருந்தார்கள். மூன்று பக்கம் சுவர், ஒரு பக்கம் திறந்த வெளி. படுக்கையறை, படிக்கும் அறை, குழந்தைகள் அறை. கட்டிலில் விரிப்பு, மேஜையில் பழங்கள், அலமாரியில் புத்தகங்கள். எதிலும் யாரும் இல்லை. குரல் தாழ்த்தியே பேசத் தோன்றும் அமைதி. மாமா பழக்கதோஷத்தில் ஒரு கட்டிலைத் தட்டிப் பார்த்து, "ஒட்டுப்பலகை" என்று முணுமுணுத்தார்.

கடைக்கோடியில் ஒரு கூடம். ஜன்னலும் அதை ஒட்டி ஓர் அடுப்படியும் இருந்தன. அங்கே ஒரு சோபாவின் நுனியில், மடியில் கைப்பையோடு அத்தை உட்கார்ந்திருந்தார்.

கடைப்பெண் எங்களிடம் மெல்லச் சொன்னாள்: "உங்க வீட்டம்மாவா? மூணு நாளா வர்றாங்க. எதுவும் வாங்க மாட்டாங்க. ஆனா போறப்ப குஷனையெல்லாம் நேரா வெச்சிட்டுப் போவாங்க. இருக்கட்டும்னு விட்டுட்டோம்."

மாமா அந்தக் கூடத்தின் ஓரத்தில் போய் நின்றார். தட்டுவதற்குக் கதவு இல்லாததால் என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. அத்தை நிமிர்ந்து பார்த்து, கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். மாமா பக்கத்தில் உட்கார்ந்தார். நான் பக்கத்துக் குழந்தைகள் அறையில் நின்றுகொண்டேன். அங்கிருந்து எல்லாம் கேட்டது.

"இங்க என்ன பண்றே?"

"உக்காந்திருக்கேன்."

"ஏன், வீட்டுல உக்காந்தா ஆகாதா?"

"வீட்டுல எங்கங்க எடம்? நீங்க இருக்கீங்களே."

அதில் துளிக் கோபமும் இல்லை. மழை பெய்கிறது என்பதுபோலச் சொன்னார். மாமாவின் முகம் வாடிவிட்டது. "நான் துணைக்குத்தானே இருக்கேன்" என்றார். அவர் குரல் அவ்வளவு சின்னதாக நான் கேட்டதில்லை.

"தெரியும். எனக்கு ராத்திரிக்குத் துணை வேணும், நோவுக்குத் துணை வேணும். மத்தியானத்துக்கு வேண்டாங்க."

பிறகு அத்தை அவரிடம் எல்லாவற்றையும் சொன்னார். நாற்காலி, பூப்போட்ட கோப்பை, வெளியே போய் உள்ளே வருவது, தூசில்லாத ஜன்னல் கம்பி, காத்திருப்பது. இத்தனை வருஷம் சாத்திய கதவுக்குப் பின்னால் நடந்ததையெல்லாம் மாமா குறுக்கே பேசாமல் கேட்டார். அவர் குறுக்கே பேசாமல் கேட்டதே எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

"இங்க வருவாளா அவ?" என்று கடைசியில் கேட்டார்.

"யாரு?"

"வீட்டுக்காரி."

அத்தை அந்த அடுப்படியைப் பார்த்தார். "எப்படி வருவா? குழாயில தண்ணி இல்ல. அடுப்பு வெறும் அட்டை. அந்த ஜன்னலைப் பாருங்க."

ஜன்னலுக்குப் பின்னால் ஒரு தோட்டத்தின் படம். படத்துக்குப் பின்னால் விளக்கு. தரையில் மஞ்சளாக வெளிச்சம் விழுந்திருந்தது.

"நேத்து வந்தப்பவும் அங்கதான் இருந்துச்சு. முந்தா நாளும் அங்கதான். இந்த வெயில் நகரவே மாட்டேங்குதுங்க," என்றார் அத்தை. சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது.

மாமா எழுந்து, தான் உட்கார்ந்த குஷனை நேராக வைத்தார்.

மறுநாள் மதியச் சாப்பாடு முடிந்தது. மாமா கையைத் துடைத்துக்கொண்டு, பரணிலிருந்து பணிமனைக் காலணியை இறக்கித் தூசு தட்டி மாட்டினார். குடையை எடுத்தார்.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்றார் அத்தை.

"வேலைக்கு."

"ரிட்டயர் ஆயாச்சே!"

"அதுக்கு? நீயும் வாம்மா," என்றார் என்னிடம். "அந்தக் கம்ப்யூட்டரையும் தூக்கிக்க."

நேராக எதிர்வீட்டுக்குத்தான் போனோம். தையல்கார அம்மா எங்கள் கோலத்தைப் பார்த்து, தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டார். "என்ன, தூங்குமூஞ்சி அக்கா விரட்டி விட்டுட்டாங்களா?"

"அதெல்லாம் இல்ல. வீட்டுக்கு ஒருத்தங்க வந்திருக்காங்க. இடைஞ்சலா இருக்க வேண்டாம்னு வந்துட்டோம்."

"யாரு?"

"வேண்டியவங்க," என்றார் மாமா. அதற்குமேல் அவர் வாயிலிருந்து எதையும் பிடுங்க முடியவில்லை. துணிக் குவியலுக்கு நடுவில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, ஜன்னல் வழியே எங்கள் வீட்டுக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் அந்தக் கதவு திறந்தது. நல்ல துணியில் அத்தை வெளியே வந்தார். செருப்பை மாட்டி, இரண்டடி நடந்து, திரும்பி வந்து செருப்பை விட்டார். உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது. மாமா மூக்கை உறிஞ்சினார். பஞ்சுத் தூசு என்று தையல்கார அம்மாவிடம் சொன்னார்.

பிள்ளைகளின் சத்தம் தெருமுனையில் கேட்டதும் நாங்கள் எழுந்தோம். வாசலில் மாமா தன் காலணியைக் கழற்றி, அத்தையின் செருப்புக்குப் பக்கத்தில் ஜோடியாக வைத்தார். சாவியைக் கையில் எடுத்தவர், அதைப் பார்த்துவிட்டுத் திரும்பச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மணியை அழுத்தினார்.

அத்தை திறந்தார். இன்னும் உடை மாற்றியிருக்கவில்லை. அவரைப் பார்த்தார், அவருடைய வெறுங்காலைப் பார்த்தார்.

"வாங்க," என்றார்.

மாமா உள்ளே வந்து, உட்காரச் சொல்லும்வரை நின்றார். "உக்காருங்க" என்றதும் ஜன்னலோர நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, சுற்றிப் பார்த்தார். ஜன்னல் கம்பியைப் பார்த்தார், தலையணை உறையைப் பார்த்தார். அந்த வீட்டில் இத்தனை வருஷம் குடியிருந்தவர் அன்றைக்குத்தான் வந்தவர்போலப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "வீட்டை ரொம்ப நல்லா வெச்சிருக்காங்க. இந்த வீட்டம்மாவைப் பாக்கலாமா? இருக்காங்களா?" என்று கேட்டார்.

அத்தை கைப்பையைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"உள்ள வேலையா இருக்கா. கூப்பிடறேன்," என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போனார்.

வெகுநேரம் வரவில்லை. குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. நான் எழப்போனேன், மாமா வேண்டாம் என்று கை காட்டினார். கடைசியில் குழாய் நின்றது. முகம் கழுவி, கண் சிவந்து, கையில் பூப்போட்ட கோப்பைகளோடு அத்தை வந்தார். மாமாவுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"சொல்லுங்க, என்ன விஷயமா வந்தீங்க?"

பணிமனை முழுக்க உத்தரவு போட்டுப் பழகிய மனிதர் கோப்பையை வாங்கிக்கொண்டார். "சும்மாத்தான்" என்றார். தேநீரைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். "நாளைக்கும் வரலாமா?"

"தாராளமா வாங்க," என்றார் அத்தை. "சாயங்காலமா வாங்க. மத்தியானத்துல அவ தூங்குவா."